அந்த ஒரு மதிப்பெண்: சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மும்பை தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் விழா வினாடி வினாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும், முன்வரிசையில்தான் இருந்தீர்கள். இதுபற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் கொடுத்துவிட்டேன். முதல் கடிதத்தில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை விழுந்தது. இரண்டாவதற்கு அதுவும் விழவில்லை. ஆகவே ஊரறிய இந்த மடல்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளைக்குச் சேர வேண்டிய அந்த ஒரு மதிப்பெண்ணை, பறித்த அதே மேடையில், அதே மைக்கில் திருப்பிக் கொடுங்கள்.

‘ஓபரா என்ற சொல்லின் மூலப்பொருள் என்ன?’ என்பது கேள்வி. கேள்வித்தாள் என்னிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவள், யோசிக்காமல் ‘வேலை’ என்றாள். நடுவர் தலையாட்டி மறுத்தார். அவள் உட்காரவில்லை. “வேலைதான் சார். எங்கப்பா ஓபரா ஹவுஸ் பக்கம் லிஃப்ட் ஆபரேட்டர். ஓபரா, ஆபரேட்டர் ரெண்டும் ஒரே சொல்லுதான் சார்” என்றாள். “அப்பா எங்க வேலை பாக்குறார்னு கேக்கலம்மா” என்று நடுவர் மைக்கில் சொன்னார். அரங்கம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். விடை ‘இசை நாடகம்’ என்று அறிவித்து அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அவளுடைய அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நைட் டூட்டிக்கு அப்படியே போக வேண்டும் என்பதால் யூனிஃபார்மில்தான் வந்திருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தவர், “ஒழுங்காப் படிச்சிட்டு வந்திருக்கலாம்லா?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாஹிமில் ரயிலேறிச் சர்னி ரோட்டில் இறங்கி, நாள் முழுக்க லிஃப்ட்டில் ஏறி இறங்குகிற மனிதர். மேடையில் இருப்பவர் தப்பாகச் சொல்லுவார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மகள் சொன்னது தப்பு, அதுவும் தன்னைச் சொல்லப்போய்த்தான் மகள் சிரிப்புக்கு ஆளானாள் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை.

அவள் சொன்னது சரி. ஒரு அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் நான். அகராதியைத் திறக்காமல் எதையும் சொல்கிற பழக்கம் இல்லை. லத்தீனில் ‘ஓபுஸ்’ என்றால் வேலை. அதன் பன்மை ‘ஓபரா’. ஒருமையாகவே ‘ஓபரா’ என்று இன்னொரு சொல்லும் உண்டு, அதற்கும் உழைப்பு, பணி என்றே பொருள். இத்தாலிய மொழி அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1600ஐ ஒட்டி ஃபிளாரன்ஸில் கதையைப் பாட்டாகவே நடிக்கத் தொடங்கியபோதுகூட உடனே அந்தப் பெயர் வந்துவிடவில்லை. மான்டவெர்டி என்ற இசையமைப்பாளரின் ‘ஓர்ஃபெயோ’ 1607இல் மேடையேறியது. அதை ‘இசையில் ஒரு கதை’ என்றுதான் அழைத்தார்கள். பிறகு ‘ஓபரா இன் மூசிகா’, அதாவது இசையில் ஒரு வேலை என்றானது. பின்னால் இருந்த இரண்டு சொல் உதிர்ந்து, ‘வேலை’ மட்டும் மேடையில் நின்றுவிட்டது.

அதே ஃபிளாரன்ஸில் பேராலயம் கட்டும் வேலையை மேற்பார்க்க 1296இல் ஒரு அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் பெயர் ‘ஓபரா’. பாட்டு ஓபராவுக்கு முந்நூறு வருடம் மூத்தது. கல், சுண்ணாம்பு, சாரம் சம்பந்தப்பட்டது. இன்றும் அங்கே ‘ஓபரா’ என்ற பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் சிற்பங்களைப் பார்க்கலாம், பாட்டுக் கேட்காது. இத்தாலியில் தொழிலாளிக்கு ‘ஓபராயோ’ என்று பெயர். ஸ்பெயினில் ‘ஒப்ரேரோ’. நம் ஆஸ்பத்திரி ஆபரேஷனும் இந்த வீட்டுப் பிள்ளைதான். எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், லிஃப்ட் ஆபரேட்டரின் மகள் தன் அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு சொல்லையும் அவர் வேலை பார்க்கிற இடத்துப் பஸ் ஸ்டாப்பில் இன்னொரு சொல்லையும் பார்த்து, “ரெண்டும் ஒண்ணுபோல இருக்கே சார்?” என்று தானாகக் கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. நான் பண்ணியதெல்லாம் அகராதியை அவள் பக்கம் திருப்பி வைத்ததுதான்.

‘வேலைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நிகழ்ச்சி முடிந்தபின் நடுவர் என்னிடம் கேட்டார். ஐயா சங்கீத ரசிகர் என்று கேள்விப்பட்டேன், அதனால் பணிவோடு கேட்கிறேன். கச்சேரியில் ‘கிருதி’ என்கிறோமே, அது என்ன? சமஸ்கிருதத்தில் ‘செய்’ என்பதற்கான ‘க்ரு’ என்ற வேரிலிருந்து வந்த சொல். கிருதி என்றால் செய்யப்பட்டது. ஓபராவும் அதேதான். ‘இன்று எத்தனை உருப்படி பாடினார்?’ என்று கேட்கிறோம். தாராவியில் எங்கள் சந்தில் இஸ்திரி போடுகிறவரும் துணியை எண்ணி ‘இருபது உருப்படி’ என்றுதான் நோட்டில் எழுதுகிறார். பாட்டுக்கும் சட்டைக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது. ‘செய்யுள்’ எதிலிருந்து வந்தது? ‘செய்’யிலிருந்து. அந்தச் ‘செய்’ வயலுக்கும் பெயர், நன்செய் புன்செய் என்கிறோமே. ஆங்கிலத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது: கையால் வேலை செய்வது என்ற பொருளில் ‘ஓபரா’வின் உறவுச் சொல் ஒன்று பிரெஞ்சு வழியாகப் போய், நிலத்தைப் பண்படுத்துவது என்றாகி, கடைசியில் எருவுக்குப் பெயராக, ‘மெனியூர்’ என்று நிற்கிறது. ஓபரா ஹவுஸும் எருக்குழியும் சொந்தக்காரர்கள். அந்தப் பிள்ளை இதைச் சொல்லியிருந்தால் அரங்கம் இன்னும் பலமாகச் சிரித்திருக்கும்.

‘ஓபரா என்றால் என்ன?’ என்று கேட்டிருந்தால் ‘இசை நாடகம்’ சரியான விடை, ஒத்துக்கொள்கிறேன். கேட்டது மூலப்பொருள். கேள்வி எழுதியவருக்குத் தன் கேள்வியே புரியவில்லை என்றால், அதற்கு எங்கள் பிள்ளை அபராதம் கட்ட முடியாது.

கிர்காவில் இருக்கும் அந்த ஓபரா ஹவுஸ் அரங்கையே 1993இல் மூடி 2016இல் திறந்தார்கள். இருபத்து மூன்று வருடம் கழித்துக்கூட ஒரு கதவைத் திறக்க முடிகிறது. நம் சங்க அலுவலகத்தில் ஒரு கடிதத்தைத் திறக்க முடியவில்லை. ‘ஆபீஸ்’ என்ற சொல்லுக்கும் அதே ‘ஓபுஸ்’தான் மூலம்: வேலை, செய்தல் என்ற இரண்டு லத்தீன் சொல் சேர்ந்தது. ‘செயற்குழு’வில் செயல் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. சந்தா வாங்க மட்டும் மாதம் தவறாமல் தாராவிக்கும் சயான் கோலிவாடாவுக்கும் ஆள் வருகிறது. விழாவுக்கு நாற்காலி போடவும் மேளம் சொல்லவும் எங்கள் பையன்கள் வேண்டும். மேடையில் எங்கள் பிள்ளை சரியான விடை சொன்னால்தான் வேடிக்கையாகிவிடுகிறது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று ஆண்டு மலரில் தலையங்கம் எழுதுகிறீர்கள். இருக்கிற பிள்ளைகள் ஏன் போகிறார்கள் என்பதற்கு ஒரு காரணத்தை நீங்களே தயாரித்து…

மன்னிக்க வேண்டும். பேனா வேறு பக்கம் போய்விட்டது. சங்கத்துக்காகப் பாடுபடுகிறவர்கள் நீங்கள். நூலகம் உங்களால்தான் நடக்கிறது, எனக்கும் அந்த நூலக அட்டை இருக்கிறது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

சுழற்கோப்பை எங்களுக்கு வேண்டாம். ஒரு மதிப்பெண்ணில் முதலிடம் வந்த குழு அதை வைத்துக்கொள்ளட்டும், அவர்களும் பிள்ளைகள்தானே. நடுவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. சித்திரைத் திருநாள் விழாவில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, ‘ஓபரா என்ற சொல்லின் மூலப்பொருள் வேலை, அந்தப் பிள்ளை சொன்ன விடை சரி, மதிப்பெண் வழங்கப்படுகிறது’ என்று மைக்கில் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேண்டுகோள். தேதியையும் நேரத்தையும் தயவுசெய்து ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்துவிடுங்கள். அவளுடைய அப்பாவுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. ஞாயிறு என்றால் அவர் யாரிடமாவது சொல்லி டூட்டி மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினன்,
ஞாயிறு தமிழ் வகுப்பு, தாராவி