எதற்கெடுத்தாலும் ஃபார்மேட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல இடங்களில் கிடைக்கும் ஒரே பதில், “விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்” என்பதுதான். அதாவது, விண்டோஸ் இருக்கும் சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. வெப்சைட் திறக்காததற்கும் விண்டோஸ் கெட்டுப்போவதற்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. பிரவுசர் காட்டும் பிழைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பிழைக் குறி (எரர் கோட்) இருக்கும். பழுது எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும். படிக்கத்தான் ஆளில்லை.

முதலில், பழுது கம்ப்யூட்டரிலா லைனிலா என்று பிரிக்க வேண்டும். அதே வைஃபையில் போனை இணைத்து ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். போனிலும் வரவில்லை, ஃபைபர் மோடத்தில் சிக்னல் இல்லை என்று காட்டும் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் லைன் பழுது. கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, திரையின் வலது மூலையில் இருக்கும் தேதி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘செர்ட் டேட் இன்வேலிட்’ என்ற குறியோ, கடிகாரம் பின்தங்கியுள்ளது என்ற எச்சரிக்கையோ வந்தால் காரணம் இதுதான். பூட்டுக் குறியோடு திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. கம்ப்யூட்டரில் 2010 என்று இருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். ஃபார்மேட் செய்தாலும் இது தீராது. தேதியை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்திருந்தால், பிளக் பாயின்டை அணைத்த ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய்விடும்.

டெஸ்க்டாப்பில் இதை வீட்டிலேயே மாற்றலாம். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிய பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரியின் ஓரத்தில் உள்ள கிளிப்பை நகத்தால் தள்ளினால் தானாகத் துள்ளி எழும். எழுத்துள்ள பிளஸ் பக்கம் மேலே பார்க்கப் புதியதை வையுங்கள். ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தச் சொல்லும். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரைக்குள் போய்த் தேதியைச் சரி செய்யுங்கள். பழைய போர்டுகளில் ஒரு பொறி உண்டு: பேட்டரியைக் கழற்றும்போது, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையைக் குறிக்கும் ‘சாட்டா மோட்’ என்ற வரி ‘ஏஹெச்சிஐ’யிலிருந்து ‘ஐடிஇ’க்கு மாறி, விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் “ஹார்ட் டிஸ்க்கும் போச்சு” என்கிறார்கள். கழற்றும் முன் பயாஸில் அந்த வரியைப் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், அதேபடி திருப்பி வைத்துவிடலாம்.

தேதி சரியாகும் வரை, எச்சரிக்கையை மீறி உள்ளே போகும் பட்டனை வங்கித் தளத்தில் தயவுசெய்து அழுத்தாதீர்கள்.

குறி ‘டிஎன்எஸ் புரோப்’ என்று தொடங்கினால் கோளாறு வேறு. விண்டோஸில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில், இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கட்டளையோடு கூகுளின் முகவரியான 8.8.8.8 கொடுங்கள். பதில் வருகிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்துவிட்டது. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ்ஸை, யாரும் பயன்படுத்தக்கூடிய பொது முகவரிகளான 1.1.1.1, மாற்றாக 8.8.8.8 என்று கையால் போட்டுச் சேமித்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்தால் போதும். நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள்; டிஎன்எஸ்ஸை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டு, கேபிளைப் பாருங்கள்.

பிராக்ஸி என்பது பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர். ‘பிராக்ஸி கனெக்‌ஷன் ஃபெயில்டு’ என்ற குறி பெரும்பாலும் ஏதோ இலவச விபிஎன்னோ விளம்பர மென்பொருளோ விட்டுப்போன எச்சம். அது பிரவுசரின் வழியைத் தன் பக்கம், அதாவது அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரிக்குத் திருப்பியிருக்கும். ஆன்டிவைரஸ் அதை அழித்துவிடும். திருப்பிய வழி மட்டும் அப்படியே கிடக்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் பிராக்ஸி. ‘மேனுவல்’ என்பதை அணைக்க வேண்டும். ஒரு கிளிக் வேலை.

உண்மையிலேயே விண்டோஸ் காரணமாகும் இடமும் உண்டு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் ஆரம்ப காலத்தவை பலவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்புடனும், ஃபயர்பாக்ஸ் பிரவுசர் 115 வரிசையுடனும் அதில் நின்றுவிடும். சில தளங்கள் திறக்கும், சில பாதியில் வெறும் பக்கமாக நிற்கும். இதற்கும் ஃபார்மேட் செய்து அதே விண்டோஸ் 7-ஐத் திரும்பப் போட்டுக் காசு வாங்குவது என்ன நியாயம்? 64 பிட் செயலியும் குறைந்தது 2 ஜிபி ரேமும் இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டின் ‘எக்ஸ்எஃப்சிஇ’ என்ற எளிய பதிப்பு ஓடும். 4 ஜிபி இருந்தால் சுகமாக ஓடும்.

கடைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், பிழைப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். ஃபார்மேட் என்று சொன்னால், எந்தப் பழுதுக்காக என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகும் செய்வதென்றால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் முதலில் பென் டிரைவில் எடுத்துவிட வேண்டும். அவை வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர்கள் சிலர்,
விருதுநகர்