பத்திரிகை ஆசிரியர்களுக்குப் பள்ளி ஆசிரியை ஒருத்தியின் மடல்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கும் எனக்கும் தமிழில் ஒரே பெயர்தான்: ஆசிரியர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

தேர்வு முடிவு வந்த மறுநாள் உங்கள் பக்கங்களில் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியல் வருகிறது. கடைசியில் நிற்கும் பள்ளிகளைச் சுட்டி, ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வகுப்புக்கு வராதவர், பிள்ளையை அடிப்பவர், பாடத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வந்து நிற்பவர் எங்களிடையே உண்டு. அவர்களைப் பற்றி எழுதுங்கள். ஆனால் அந்தப் பட்டியல் அவர்களைக் காட்டிக்கொடுக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். எழுத்துக்கூட்டவும் வராது. சேர்ந்து வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து உதட்டை அசைப்பாள். மதிய இடைவேளைகளில் அவளோடு உட்கார்ந்தேன். ஒகர வரிசை அவளை வெகுநாள் அலைக்கழித்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து மட்டும் ஏன் நடுவில் என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆண்டு முடிவில் யார் துணையுமின்றி ஒரு பத்தி முழுவதையும் வாசித்தாள். தேர்வில் அவள் பெற்றது 22 மதிப்பெண். தேர்ச்சிக் கணக்கில் அவள் தேறாதவள். சேரும்போதே சரளமாக வாசித்தவர்கள் 90 வாங்கினார்கள். அவர்களுக்காக நான் பட்ட பாடு மிகக் குறைவு. பாராட்டு மட்டும் அவர்களால் கிடைத்தது.

இது என் ஒருத்தியின் ஆதங்கமல்ல. மாணவர் மதிப்பெண்களுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது ஏறத்தாழ 1 முதல் 14 விழுக்காடு என்றே பெரும்பாலான ஆய்வுகள் காண்பதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014-இல் அறிவித்தது. ஆசிரியர் முக்கியமில்லை என்று இதற்குப் பொருளல்ல. மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது என்பதே பொருள்.

அப்படி எடைபோட்டுப் பார்த்த இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் 1862 முதல், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிகளுக்கு மானியம் அளந்தார்கள். வகுப்பறை மனப்பாடக் கூடமானது. கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் தாமே பள்ளி ஆய்வாளராக இருந்தும் அதை எதிர்த்தார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்தது இன்னும் வேதனையானது. மதிப்பெண் நெருக்கடியில் மாணவர்களின் தவறான விடைகளை அழித்துத் திருத்தியது உள்ளிட்ட மோசடிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011-இல் அரசு விசாரணை கண்டது. அவர்களை நான் மன்னிக்கவில்லை. அங்கே ஏமாந்தவர்கள் பிள்ளைகள்தாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தேர்ச்சி என்று எழுதிவிட்டால் அதற்குக் கற்பிக்க யாரும் வரமாட்டார்கள்.

2030-க்குள் உலகுக்கு மேலும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்கிறது யுனெஸ்கோ. காலியிடங்களைப் பற்றியும் அதே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். தேர்ச்சி விழுக்காட்டுக்கு அருகில் இன்னொரு நெடுவரிசை சேருங்கள்: பள்ளியில் சேர்ந்த அன்று அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது? அதற்கு இடமில்லையென்றால் பட்டியலையே நிறுத்திவிடுங்கள். கணக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்கச் சொல்லிக் குறித்துவைக்கிறேன். பெயர்களை மறைத்து அந்தக் குறிப்பேட்டைத் தருகிறேன். என் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வகுப்பாசிரியை