டிரெய்லரின் நீளத்தைச் சொல்லும் முன், பிக்கப்பின் கதவைத் திறந்து பாருங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பதினாறு அடிப் பெட்டி டிரெய்லர் இருக்கிறதா?" எங்களுக்கு வரும் விசாரிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. உள்ளே என்ன ஏற்றப் போகிறீர்கள், எத்தனை கிலோ வரும் என்று திருப்பிக் கேட்டால் கொஞ்ச நேரம் பதில் இருக்காது. அப்புறம், "என் பிக்கப் நாலு டன் இழுக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள்.

இழுக்கும், சரி. ஆனால் அந்த நாலு டன்னை எட்டுவதற்குள் வேறொரு எண் தீர்ந்துபோய்விடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான பிக்கப்களில், டயர் காற்றழுத்தம் அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று தூணில் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோட். ஒரே மாடல் வண்டிகள் இரண்டை அருகருகே நிறுத்திப் பார்த்தாலும் இந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நாலு சக்கர இழுவை, கண்ணாடிக் கூரை என்று வசதி ஏற ஏற எண் இறங்கும்.

இதற்கும் டிரெய்லருக்கும் என்ன சம்பந்தம்? டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களின் மேல் உட்காருவதில்லை. ஒரு பங்கு முன்னால் ஹிட்ச் பந்தை, அதாவது டிரெய்லரை மாட்டப் பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தை, அழுத்துகிறது. டங் வெயிட் என்பது அதைத்தான். ஏற்றிய டிரெய்லரின் எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். முழுவதும் பிக்கப்பின் பேலோடில்தான் கழியும். உங்கள் பேலோட் 650 கிலோ என்று வையுங்கள். ஏற்றிய டிரெய்லர் 2,700 கிலோ என்றால், 12 சதவீதம் 324. ஓட்டுநரையும் சேர்த்து நாலு பேர், 300. பின்தொட்டியில் கருவிப்பெட்டியும் ஜெனரேட்டரும் 100. கூட்டினால் 724. இழுவைத் திறனில் இன்னும் ஒரு டன்னுக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஆனால் வண்டி 74 கிலோ மிஞ்சிவிட்டது. பின்பக்கம் தணியும், முன்சக்கரங்களில் பிடிப்பு குறையும், ஸ்டீயரிங் லேசாக மிதக்கும், இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும்.

"அப்படியானால் சரக்கைப் பின்னால் தள்ளி ஏற்றிவிட்டால் டங் வெயிட் குறையுமே?" என்று ஒருவர் கேட்டார். குறையும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வால் கனத்த டிரெய்லர் நெடுஞ்சாலையில் ஆட ஆரம்பிக்கும். பெரிய லாரி ஒன்று கடக்கும்போது வரும் காற்றுத் தள்ளலே போதும். இறக்கமாக இருந்தால் ஆட்டம் தானாக அடங்காமல் பெருகிக்கொண்டே போகும். சரக்கில் ஏறக்குறைய 60 சதவீதம் பெட்டியின் முன்பாதியில் இருக்கட்டும். அப்படியும் ஆடினால், பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநர் கைக்கெட்டும் பிரேக் கன்ட்ரோலரில் (டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள்.

ஆக, முதலில் பேலோட், பிறகு சரக்கின் எடை, கடைசியில்தான் நீளம். காலிப் பெட்டிக்கே எடை உண்டு என்பதையும் மறக்கிறோம். ஆறடி அகலம், பன்னிரண்டு அடி நீளம், ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு) என்றால் சுமார் 500 கிலோ. ஏழுக்குப் பதினாறு, இரட்டை ஆக்சில் என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். டிரெய்லரின் தகட்டில் இருக்கும், சரக்கோடு தாண்டக் கூடாத மொத்த எடையிலிருந்து இதைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடியது. ஒற்றை ஆக்சில் பெட்டிகள் பலவற்றில் தகடு 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ என்று காட்டும். கீழே இருப்பதோ 3,500 பவுண்டு தாங்கும் ஆக்சில்! 3,000 பவுண்டிலிருந்து பிரேக் கட்டாயம் என்று விதி வைத்த இடங்கள் உண்டு. அதற்குக் கீழே நிற்க வேண்டும் என்றுதான் தகட்டில் குறைத்துப் போடுகிறார்கள். பிரேக் வேண்டாம் என்று தப்பிப்பது எங்களுக்குப் பிடித்த சிக்கனம் இல்லை.

கனமான சரக்கு, நீண்ட தூரம் என்றால் இரட்டை ஆக்சிலே நல்லது. ஒரு டயர் வெடித்தாலும் பெட்டி ஒரேயடியாகச் சாயாது. எப்போதாவது கொஞ்ச தூரம், வீட்டு முற்றத்தில் கையால் தள்ளித் திருப்ப வேண்டும் என்றால் ஒற்றை போதும். உயரத்தையும் தேவைக்கு மேல் எடுக்காதீர்கள். பிக்கப்பின் கூரைக்கு மேலே நிற்கும் ஒவ்வோர் அங்குலமும் காற்றை மோதும், எரிபொருளைக் குடிக்கும். கூர்மூக்குப் பெட்டி கொஞ்சம் உதவும், அதற்காக அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். பைக், புல்வெட்டி ஏற்றுபவர்களுக்குச் சாய்தளக் கதவு. ஃபோர்க்லிஃப்ட்டில் சரக்கு ஏற்றுபவர்களுக்கு இரட்டைக் கதவு.

பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறீர்களா? வெயில் நேரத்தில் போங்கள். உள்ளே நின்று கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையைப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழையும் இறங்கும். மூலைகளில் தரைப் பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் உளுத்துவிட்டது. டயரில் பொறித்த தேதிக் குறியின் கடைசி நான்கு எண்கள் 3518 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆம் வாரம் செய்தது. பட்டன் புதிதாகவே தெரிந்தாலும் அதை நம்பிச் சாலையில் ஏறாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்வதைவிட, நின்றே கெடுவதுதான் அதிகம்.

எங்கள் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பந்தின் மேல் உட்காரும் டிரெய்லரின் கப்ளர் 2 5/16 அங்குலம், வாடிக்கையாளர் வண்டியில் இருந்த பந்து 2 அங்குலம். பூட்டும் 'டக்' என்று விழுந்தது, நாங்களும் அனுப்பிவிட்டோம். வாசலில் ஒரு பள்ளத்தில் இறங்கியதுமே கப்ளர் எகிறிக் கழன்றது. பாதுகாப்புச் சங்கிலி பிடித்துக்கொண்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து பந்தின் தலையில் பொறித்த அளவைப் படிக்காமல் எதையும் மாட்டுவதில்லை. மாட்டிய பிறகு முன் ஜாக்கியைச் சுற்றி உயர்த்துகிறோம். கூடவே பிக்கப்பின் பின்பக்கமும் எழ வேண்டும். கப்ளர் மட்டும் தனியாக எழுந்தால் மாட்டவில்லை என்று அர்த்தம்.

அடுத்த முறை வரும்போது அந்தக் கதவு ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து வாருங்கள். ஏற்றப்போகும் சாமான்களை எடையோடு ஒரு தாளில் எழுதி வந்தால் இன்னும் நல்லது. பதினாறு அடி கேட்டு வந்தவரைப் பன்னிரண்டு அடியோடு அனுப்பிவைத்ததும் உண்டு.

அன்புடன்,
டிரெய்லர் கடையிலிருந்து

பின்குறிப்பு: புது டிரெய்லரை எடுத்துப்போன பிறகு, முதல் 80 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்திச் சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (சரியான அளவு இறுக்கத்தைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி முறுக்குங்கள். புதுச் சக்கரத்தில் அவை கொஞ்சம் தளரும்.