இன்னொரு ஈசிஜி எடுக்குமுன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன் போட்டால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய ஈசிஜியைப் பார்த்தேன். அதற்கு முந்தினதையும் பார்த்தேன். பாதி ஆயுசை மெடிக்கல் வார்டில் நர்ஸாகக் கழித்தவள் சொல்கிறேன், அதில் ஒன்றும் இல்லை. எக்கோ ஸ்கேனும் நார்மல். உன் டாக்டரும் அதைத்தானே சொன்னார்? நெஞ்சு வலித்து, வேர்த்து, வலி கைக்கு இறங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. மற்றபடி இன்னொரு ஈசிஜி வேண்டாம். நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து "செத்துப் போயிருவேனா" என்று கேட்கிறாயாம். மருமகள் சொல்லித்தான் தெரியும். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

உன் சிநேகிதன் திடீரென்று போனதால் வந்த பயம் என்று அவள் நினைக்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் போனது மார்கழியில். பொங்கலுக்கு வந்தபோது அவனை நினைத்து அழுதாய், ஆனால் சாப்பிட்டாய், தூங்கினாய். பயம் பிடித்தது சித்திரைக்கு அப்புறம். சித்திரையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டாலும் லுங்கியோடு இருக்கிறாயே, அதையும் கேட்கவில்லை.

சின்னவளிடம் மட்டும் பொதுவாகப் பேசுவதுபோலக் கேட்டேன். அவளுடைய சைக்காலஜி பாடத்தில் இது இருக்கிறதாம். எர்னஸ்ட் பெக்கர் என்று ஒருவர், சாவு பயத்தைப் பற்றி 1973இல் புத்தகம் எழுதியவர். மறு வருஷமே புற்றுநோயில் போய்விட்டார், 49 வயது. புலிட்சர் பரிசு வந்தபோது அவர் இல்லை. நாம் சாகப்போகிறவர்கள் என்று தெரிந்தும் மனுஷனால் எப்படி நிம்மதியாகச் சோறு தின்ன முடிகிறது என்பதுதான் அவர் கேள்வி. நான் இந்த உலகத்துக்கு வேண்டியவன், என்னால் ஆவது ஒன்று இருக்கிறது என்ற நினைப்புதான் பயத்தை அண்டவிடாமல் வைக்கிறது என்று அவருக்குப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்களாம். 1992இல் வெளிவந்த ஒரு சோதனையில் மாணவர்கள் சிலரிடம் "உன் குணத்தைப் பரிசோதித்தோம், பிரமாதம்" என்று பொய்யாகச் சொல்லிவிட்டு, சாவுக் காட்சிகளைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். புகழப்பட்டவர்களுக்குப் பதற்றம் ஏறவில்லையாம். அந்தக் கூட்டத்தார் செய்த வேறொரு சோதனையைப் பிற்பாடு பல ஊர் ஆய்வகங்கள் சேர்ந்து செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்றும் சின்னவள் சொன்னாள். எனக்கு அந்த வழக்கெல்லாம் வேண்டாம். வார்டில் பார்த்ததே போதும்.

ஒரு தையல்காரர் அட்மிட் ஆகியிருந்தார். இருதயம் வீங்கி, மூச்சு வாங்கும். ராத்திரி முழுக்க "சிஸ்டர், நான் பொழைப்பேனா?" ஊசி போட்டுத் திரும்பினால் மறுபடி அதே கேள்வி. ஒருநாள் அவர் கட்டில் பக்கம் வைத்த ஸ்கிரீன் துணி கிழிந்திருந்தது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இதை எவன் தைச்சான்? ஓரமே மடிக்கல" என்று திட்டினார். சம்சாரத்திடம் ஊசி நூல் கேட்டு வாங்கினார். ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே, நூல் நுனியை எச்சிலில் நனைத்து ஒரே குத்தில் கோத்தார். விரல் நடுங்கியது, தையல் நடுங்கவில்லை. ஒவ்வொன்றும் எறும்பு அளவு. மறுநாள் மற்ற ஸ்கிரீன்களையும் கேட்டார். நோய் குறையவே இல்லை. ராத்திரிக் கூப்பாடு மட்டும் குறைந்தது.

நான் அவரைப் புகழவில்லை. புகழ்ந்திருந்தால் அவர் நம்பியிருக்கவும் மாட்டார்.

பெரியப்பா ரிட்டயரான வருஷம் வேலையில்லாமல் எப்படித் தவித்தார் என்று உனக்கே தெரியும். அவருக்காவது அறுபது வயது. உனக்கு என்ன? பத்தாம் வகுப்பிலேயே தெரு முழுக்க டிவி ரிப்பேர் பார்த்தவன் நீ. அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் பெருமைப்படுகிறார், கம்பெனி பேரைச் சொல்லி இல்லை. ஆனால் மனசில் இருப்பதைச் சொல்லாமல் முழுங்குவது மட்டும் அப்படியே அவர் குணம். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பென்ஷன்காரர்களுக்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறோம் என்று வருஷா வருஷம் நிரூபிக்க வேண்டுமே! துணி துவைத்துத் துவைத்து ரேகை தேய்ந்து, பாதிப் பேருக்கு மெஷினில் விரல் விழ மாட்டேன் என்கிறது. முகத்தைக் காட்டினாலே போதும், போனிலேயே முடிக்கலாம் என்கிறார்கள், எங்கள் யாருக்கும் செய்யத் தெரியவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்குப் போன வருஷம் இதனாலேயே பென்ஷன் நின்றது. நீ வந்து ஒரு வாரம் இருந்து எல்லோருக்கும் முடித்துக் கொடு. உனக்கு வேலை கொடுக்கத்தான் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், பொய் இல்லை. ஆனால் டீச்சரம்மா பென்ஷன் நின்றதும் பொய் இல்லை.

லீவு கிடைக்குமா என்று நான் கேட்கமாட்டேன். எந்த பஸ் என்று மட்டும் சொல், அப்பா ஸ்டாண்டுக்கு வருவார். இன்னொரு ஈசிஜி வேண்டாம்.

அம்மா