‘மனவுறுதி போதாது’ என்ற அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், உடற்பருமனுக்குச் சத்திரசிகிச்சை செய்தும் நிறை ஏறினால் ‘மனவுறுதி போதாது’ என்று எழுதியிருந்தீர்கள். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தவரிடம் வீட்டாரே அதைத்தான் சொல்லுகிறார்கள். பத்திரிகையும் சொல்லவேண்டுமா?

கொழும்பிலோ சென்னையிலோ செய்துகொண்டு கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்புகிறவர்களுக்கு நிறை பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள். எப்படிச் சாப்பிடுகிறார் என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும், ‘ஒரேயடியாக நிறையச் சாப்பிடுகிறீர்களா?’ என்பார்கள். சிறுத்த இரைப்பையில் அதற்கு இடமேது? ‘இல்லை’ என்பார், கோப்பு மூடப்படும். அவரே காலையிலிருந்து பொழுதுபடும்வரை முறுக்கை அரை அரையாக உடைத்து வாயில் போட்டபடி இருப்பார். அளவை விடுங்கள், ‘தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா, கிழமைக்கு எத்தனை நாள்?’ என்று கேளுங்கள். படிவத்திலுள்ள ‘மிகையுணவு நடத்தை’ எவருக்கும் விளங்காது. ‘வாய் சும்மா இருக்க விடுகுதில்லையோ?’ என்றால் பதில் வரும்.

சத்தியையும் அப்படித்தான் பிரித்துக் கேட்கவேண்டும். புட்டு, பாண், காய்ந்த இறைச்சியை மெல்லாமல் விழுங்கினால் அடைத்துச் சத்தி வரும். மெதுவாக மென்று, சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் தண்ணீரைத் தவிர்த்தால் பெரும்பாலும் தணியும். நிறை ஏறுமென்ற பயத்தில் விரல் விட்டு எடுப்பது வேறு. மென்று துப்புவதும் வேறு. எதுவானாலும் நாட்கணக்கில் சத்தி நிற்காவிட்டால் தயமின் (விற்றமின் B1) குறைந்து மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடினால், பார்வை இரட்டித்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தயமின் ஏற்றாமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றக்கூடாது. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் மாற்றுவழிச் சத்திரசிகிச்சை (பைபாஸ்) செய்தவர் சீனித் தேத்தண்ணி குடித்து அரை மணிக்குள் நெஞ்சு படபடத்து வியர்ப்பதைப் பதற்றநோய் என்று நினைத்துவிடவும் கூடாது.

முதல் வருடம் நிறை தானாகக் குறையும். தொல்லை பெரும்பாலும் அதன் பிறகுதான் தலைகாட்டும். அப்போது கிளினிக் திகதியும் முடிந்திருக்கும்.

இன்னொன்று. வன்னியில் உளநலம் என்றால் போர்க்காயம் பற்றி மட்டும் கேட்பார்கள். பசியைப் பற்றிக் கேட்பதில்லை. 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவருக்குக் கோப்பையில் சோறு மிச்சம் விட மனம் வராது. வயிறு முட்டியபின்னும் கடைசிப் பிடியை உண்டு சத்தி எடுப்பவரை மனவுறுதி இல்லாதவர் என்பது எந்த நியாயம்?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், மேலே சொன்ன கேள்விகளையும் தயமின் எச்சரிக்கையையும் நாலு வரியிலாவது போடுங்கள். இடம் போதாவிட்டால் அளவுநாடா சுற்றிய இடுப்புப் படத்தை எடுத்துவிடலாம்.

உளசமூகப் பணியாளர்,
கிளிநொச்சி