கார் காட்டுற டிகிரிய வச்சு வானிலை மையத்தைக் குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை வெயிலப் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. அதுல ஒரு காரோட டிஸ்ப்ளேவ போட்டோ எடுத்துப் போட்டு, கீழ "வானிலை மையம் சொன்னது 40, கார் காட்டியது 47, மறைப்பது யார்?"னு ஒரு வரி. அந்த வரியப் படிச்சதுல இருந்து மனசு ஆறல சார். ஆலந்தூர் பக்கம் கார் எலக்ட்ரிகல் வேலை பாக்குறவன் நான். உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்ல, தெரிஞ்சும் இப்படிப் போட்டுட்டீங்களேன்னுதான் வருத்தம்.

அந்த 47ஐக் காட்டுறது எதுன்னா, முன் பம்பருக்குள்ள, கிரில்லுக்குப் பின்னாடி ஒரு கிளிப்புல மாட்டியிருக்கிற சுண்டுவிரல் நுனி அளவு கறுப்பு பிளாஸ்டிக் சென்சார். உள்ள ஒரு தெர்மிஸ்டர் இருக்கும், சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், அத வச்சு வண்டியோட கம்ப்யூட்டர் டிகிரி காட்டும். சில வண்டியில சைடு மிரருக்கு அடியில வச்சிருப்பாங்க. ஹைவேஸ்ல ஓடும்போது காத்து நேரா வந்து படுறதால ஓரளவு சரியாவே காட்டும். ஆனா மத்தியானம் கத்திப்பாரா ஜங்ஷன் டிராஃபிக்ல நின்னா தார் ரோட்டு அனல், முன்னாடி நிக்கிற பஸ்ஸோட சூடு, நம்ம ரேடியேட்டர் சூடு எல்லாம் சேந்து அது மேலதான் அடிக்கும். உங்க போட்டோவுலயே ஸ்பீடு 0ன்னு தெரியுது. நின்ன வண்டியில எடுத்த போட்டோவ வச்சு ஒரு ஆபீஸையே பொய் சொல்லுதுன்னு எழுதலாமா?

வானிலை மையம் அளக்குறது ரோட்டுச் சூட்டை இல்ல, நிழல்ல இருக்கிற காத்தோட சூட்டை. அதுக்குன்னு வெள்ளை பெயின்ட் அடிச்ச மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்வா பலகை வச்சு காத்து போய் வர மாதிரி, தரையில இருந்து நாலடிக்கு மேல, கட்டடம் எல்லாம் தள்ளி இருக்கிற இடத்துல நிக்கும். கதவு கூட வடக்குப் பக்கம்தான், திறக்கும்போது வெயில் நேரா தெர்மாமீட்டர் மேல விழக்கூடாதுன்னு. இப்போ வானிலை மையம் இருக்கிற நுங்கம்பாக்கத்துல 1792லயே அப்சர்வேட்டரி வந்த ஊரு சார் நம்ம ஊரு. 2003 மே 31ஆம் தேதி அங்க 45 டிகிரி பதிவாச்சு, மறைக்கணும்னா அன்னைக்கே மறைச்சிருக்கலாமே.

வானிலை சென்சார் தப்பே பண்ணாதுன்னு நான் சொல்லல. 2024 மே மாசம் டெல்லி முங்கேஷ்பூர்ல ஆட்டோமேட்டிக் ஸ்டேஷன் 52.9 காட்டுச்சு. அப்புறம் வானிலைத் துறைக்காரங்களே போய் செக் பண்ணி, சென்சார் 3 டிகிரி அதிகமா காட்டுதுன்னு வெளிப்படையா சொன்னாங்க. 52.9ஐ முதல் பக்கத்துல போட்ட உங்க பேப்பர், அந்தத் திருத்தத்தை உள்பக்கத்துல நாலு வரியில முடிச்சீங்க. அப்பவே எழுதணும்னு நினைச்சேன், கடை வேலையில விட்டுப்போச்சு.

மழைக்கும் இதே கதைதான். காலையில எட்டரையில இருந்து மறுநாள் எட்டரை வரைக்கும்தான் அவங்க ஒரு நாள் கணக்கு. நீங்க அத "நேற்று பெய்த மழை"ன்னு போடுறீங்க, ராத்திரி கொட்டினது எந்த நாள்ல சேருதுன்னு யாருக்கும் புரியறதில்ல. அதோட நுங்கம்பாக்கம் நம்பரத்தான் "சென்னையில் மழை"ன்னு போடுறீங்க. 2015 டிசம்பர்ல நுங்கம்பாக்கத்துல 29 சென்டிமீட்டர் பதிவான அதே நாள் தாம்பரத்துல 49. நடுவுல இருக்கிற தூரம் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும். அந்த ராத்திரி எங்க ஏரியால தண்ணி ஏறுனத பாத்தவன் நான், ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்னு போட்டா எங்களுக்கு எப்படி சார் இருக்கும்?

இதெல்லாம் எதுக்கு எழுதுறேன்னா, நீங்க எழுதுறதுக்கு பதில் சொல்ல வேண்டியது நாங்கதான். அந்தப் பக்கம் வந்த மறுநாளே ஒரு கஸ்டமர் பேப்பரோட வந்துட்டார், என் வண்டி 53 காட்டுது, அப்போ நிஜமா 53தானேன்னு. பம்பரக் கழட்டிப் பாத்தா, போன ஆக்ஸிடென்ட்ல பம்பர் மாத்துனவங்க சென்சார கிளிப்புல மாட்டாம விட்டிருக்காங்க, அது ஒயர்ல தொங்கி, சூட்ட வெளிய தள்ளுற ஏசி கண்டென்சர் மேல ஒட்டிக்கிட்டு கிடக்கு. எடுத்து அதோட இடத்துல மாட்டி ஒரு ரவுண்ட் ஓட்டிக் காட்டுனேன், 38க்கு வந்துச்சு. அப்பவும் அவருக்கு நம்பிக்கை இல்ல, பேப்பர்ல போட்டிருக்காங்களேங்கிறார்! இன்னொரு வண்டி, அதே சென்சார் ஒயர் கட்டாகி மைனஸ் 40 காட்டுது, வெளிய பனி கொட்டுதுன்னு நினைச்சு கம்ப்யூட்டர் ஏசி கம்ப்ரஸர ஓடவே விடல. ஏசி கேஸ் தீந்துபோச்சுன்னு வேற எங்கயோ ரெண்டு தடவை காசு வாங்கியிருக்காங்க. ஒரு ஒயர் ஜாயின்ட்ல முடிய வேண்டிய வேலை சார் அது.

நீங்க "சென்சார் கோளாறு"ன்னு ஒரே வார்த்தையில எழுதுறதாலதான் இப்படி ஏமாத்த முடியுது. எந்த சென்சார், எங்க இருக்குன்னு ஒரு நாளாவது எழுதியிருக்கீங்களா? தானா ஓடுற வைப்பருக்கு கண்ணாடிக்கு உள்பக்கம், நடு மிரருக்குப் பின்னாடி சென்சார் இருக்கு, கண்ணாடிக்குள்ள இன்ஃப்ரா ரெட் வெளிச்சம் அடிச்சு அது எவ்ளோ திரும்பி வருதுன்னு பாக்கும், துளி விழுந்தா வெளிச்சம் வெளிய போயிடும், வைப்பர் ஓடும். அது மேலயே சாமி ஸ்டிக்கர் ஒட்டிட்டு வைப்பர் கெட்டுப்போச்சுன்னு வராங்க. பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிற ஏபிஎஸ்ஸோட சென்சார் சக்கரத்துக்கிட்ட இருக்கு, சேறும் இரும்புத் தூளும் சேந்தா டேஷ்போர்டுல எச்சரிக்கை லைட் எரியும், பாதி நேரம் சுத்தம் பண்ணாலே போதும். இது தெரிஞ்சா ஜனங்க பத்தாயிரம் கொடுத்து மொத்தத்தையும் மாத்த மாட்டாங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வெயிலோ மழையோ நம்பர் போடும்போது பக்கத்துல எந்த ஸ்டேஷன், எத்தனை மணின்னு சின்ன எழுத்துலயாவது போடுங்க. அந்த கார் போட்டோவுக்கு ஒரு திருத்தம், அதே ஞாயித்துக்கிழமை பக்கத்துல, அதே சைஸ்ல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஆலந்தூர், சென்னை