கணையத்தை விடு, சிரிஞ்சைக் காட்டு

பாளையங்கோட்டை,
வைகாசி 10

அன்புள்ள சேக்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சௌகரியம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரில் சுகர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்கிறார்கள், எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய்.

இன்சுலின் சுரக்கும் கணையத்தின் படம் போட்ட அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் முதல் கட்டமாகத் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் நான்கிலும் விசாரித்தபோது நீரிழிவு என்ற பேரைக் கேள்விப்பட்டவர்களே நூற்றுக்கு 43 பேர்தான். அது பழைய கணக்கு. இப்போது நம்ம டீக்கடையில் "சீனி இல்லாம ஒண்ணு" என்பதுதான் முதல் குரல். பேர் தெரியும், கைவேலை தெரியாது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

முதலில் சிவப்பு மூடி சிரிஞ்சு ஒன்று, ஆரஞ்சு மூடி ஒன்று, இரண்டையும் கையில் பிடித்துக் காட்டு. சிவப்பு, மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ள குப்பிக்கு. ஆரஞ்சு, 100 யூனிட்டுக்கு. அரசு ஆஸ்பத்திரியில் தருவது பெரும்பாலும் 40. அந்த மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான்; சுகர் இறங்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். மாற்றிச் செய்தால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். ஆளையே சாய்த்துவிடும். குப்பி லேபிளில் 40 என்றிருக்கிறதா, 100 என்றிருக்கிறதா என்று பார்க்கப் பழக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

பிறகு வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டியாகத் திரளும். அங்கே வலிக்காது, அதனாலேயே அந்த இடத்தைத் தேடிப் போய்க் குத்துவார்கள். மருந்து அங்கிருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, தினம் ஒரு இடமாக மாற்ற வேண்டும். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவே அதிகமாகிவிடலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறட்டும். கலங்கலான மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது.

பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குப் பானைதான். பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்றுமணல், மணலில் காலையும் மாலையும் தண்ணீர். குப்பியை மூடி போட்ட டப்பாவில் வைத்து உள்ளே இறக்கி, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான நிழலில் இருக்கட்டும், அடுப்பங்கரையில் வேண்டாம். சாரல் நாளில் பானை அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெயிலும் இல்லை. பிரிட்ஜ் உள்ளவர்கள் ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகினாலும் உதவாது.

சுகர் ஏறுவதற்குப் பயப்படுகிற அளவுக்கு இறங்குவதற்கு யாரும் பயப்படுவதில்லை. சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையைப் போட்டுவிட்டுக் கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பார்கள். மேலப்பாளையத்தில் நோன்புக் காலத்திலும் இதே கதைதான். விரதத்துக்கு முன்பே மருந்தின் நேரமும் அளவும் மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். வியர்வை, கைநடுக்கம், குழறல் வந்தால், அல்லது மீட்டரில் 70-க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில் கலந்து உடனே. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ரெண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். நம்ம ஊர் அல்வா இதற்கு ஆகாது, நெய் சர்க்கரையைச் சட்டென்று ஏற விடாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

உடன்குடிக் கருப்பட்டி பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதுவும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான் என்று சொல்லிவிடு. கோபப்படுவார்கள், பரவாயில்லை.

காலுக்கு நேரம் ஒதுக்கு. வயலுக்குப் போகிறவர்களின் ரப்பர் செருப்பில் உடைமுள் ஏறி, அடிப்பக்கம் ஒடிந்து, மேலே நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சுகரால் மரத்துப்போன காலுக்கு அது தெரியாது, தைத்தபடியே சாயங்காலம் வரை நடப்பார்கள். போடுமுன் செருப்பைத் தட்டி, மேல்பக்கம் கண்ணால் பார்த்து, உள்ளங்கையால் மெல்லத் தடவ வேண்டும். ராத்திரி விளக்கடியில் விரலிடுக்கு, குனிய முடியாதவர்களுக்குக் கண்ணாடி. கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது. உச்சிவெயிலில் நெல்லையப்பர் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வாங்க வேண்டாம், காலையிலே போய்க் கும்பிடட்டும்.

இன்னொன்று. டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்பிருந்து பத்தியம் இருந்துவிட்டு நல்ல நம்பரோடு வருவார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி அதைக் காட்டிக்கொடுத்துவிடும், சிரித்துக்கொண்டே சொல். சாப்பாட்டுக்குப் பின் பார்க்கும் ரத்தத்துக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. முதல் வாய் வைத்ததிலிருந்து ரெண்டு மணி நேரம், கை கழுவியதிலிருந்து அல்ல.

வருகிறவர்களை மருந்துக் குப்பி, சிரிஞ்சு, காலில் கிடக்கும் செருப்பு மூன்றையும் கொண்டுவரச் சொல். ரெண்டு மூடியிலும் பத்துப் பத்து சிரிஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வரும் பஸ்ஸில் கொடுத்துவிடவா? மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சேக்காளி